பச்சை எலும்பு

காச நோய்க்கு எலும்புருக்கி என்று பெயர் வைத்தவர் யாரோ தெரியாது. என் கையில் கிடைத்திருந்தால் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அந்த நோய் பெரும்பாலும் குடியிருப்பது நெஞ்சுக்குள்ளே. இருமி இருமி உடம்பு இளைத்து, தோலுக்கடியில் எலும்பு துருத்திக்கொண்டு தெரியும். எலும்பு உருகி எங்கும் ஓடுவதில்லை. ஆனால் ஊருக்குப் பெயர்தான் நோய். அந்தப் பெயரைக் கேட்டால் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள், தட்டைப் பிரித்து வைப்பார்கள், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். கண்ணால் பார்த்ததால் சொல்கிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நடந்தது இது. வேலூரில் நர்ஸ் படிப்பு முடித்து, ஆம்பூரைத் தாண்டிப் பாலாற்றை ஒட்டியிருந்த ஒரு சின்ன மிஷன் ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தேன். காற்று ஆற்றுப் பக்கமிருந்து வீசினால் மணல் வரும். ஊர்ப் பக்கமிருந்து வீசினால் தோல் பதனிடும் ஷாப்புகளின் சுண்ணாம்பும் ஊறிய ஆவாரம்பட்டையும் சேர்ந்த நாற்றம் வரும். புதிதாக வந்தவர்கள் கைக்குட்டையைத் தேடுவார்கள். எங்களுக்கு அது சோறு வேகிற வாசனை மாதிரி பழகிவிட்டிருந்தது.

எங்கள் டாக்டரம்மா கடல் தாண்டி வந்த வெள்ளைக்காரி. நல்லவர், கோபக்காரி, பிடிவாதக்காரி. மூன்றும் எனக்கும் பொருந்தும் என்பதால் எங்களுக்குள் ஒத்துப்போனது. முன்ஷி வைத்துத் தமிழ் கற்றவர். நோயாளியிடம் நேராகத் தமிழில்தான் பேசுவார். நாங்கள் நடுவில் புகுந்தால் பிடிக்காது. இலக்கணம் ஒருநாளும் தப்பாது. ஒரு சொல்லை ஊர் எதற்கெல்லாம் வைத்திருக்கிறது என்பதுதான் முன்ஷி சொல்லிக்கொடுத்த பாடத்தில் இல்லை.

மருந்து அறைக்குப் பின்னால் அவருக்கென்று ஒரு சின்ன அறை இருந்தது. அங்கே எலும்பின் பலத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். வாசற்படி தடுக்கி விழுந்ததற்கே தொடை முறிந்து சில பெண்கள் எங்களிடம் வந்தார்கள். சாரத்திலிருந்து விழுந்த கொத்தனார் சிராய்ப்போடு எழுந்து நடந்து வந்தார். ஏன் இப்படி என்பது டாக்டரம்மாவைத் தூங்க விடவில்லை. ஷாப்பு இயந்திரத்தில் நசுங்கி, வெட்டி எடுக்க வேண்டி வந்த கால்களிலிருந்து, உரியவரிடம் கேட்டு, எலும்பை எடுத்துக்கொள்வார். ஒரே இடத்தில், ஒரே நீளத்துக்கு, ஒரே கனத்துக்குச் சுண்டுவிரல் போல அறுத்து, இரண்டு மரக்கட்டைகளுக்கு மேல் பாலம் மாதிரி வைப்பார். நடுவில் ஒரு கொக்கி, கொக்கியில் ஒரு தட்டு. தட்டில் எடைக்கல்லை ஒவ்வொன்றாக வைப்பது என் வேலை. எலும்பு எவ்வளவு தொய்கிறது, கல்லை எடுத்தால் பழையபடி நிமிர்கிறதா, எந்தக் கல்லில் முறிகிறது என்று அவர் குனிந்து பார்த்துக்கொண்டேயிருப்பார்.

உப்புத் தண்ணீரில் நனைத்த துணியை எலும்பின் மேல் எப்போதும் சுற்றி வைக்க வேண்டும். ஒருநாள் நான் மறந்துவிட்டேன் என்று பெரிய சண்டை. "காய்ந்த எலும்பு பொய் சொல்லும்" என்றார். உடம்புக்குள் இருக்கும் எலும்பு ஈரமானது, கொஞ்சம் வளைந்து கொடுக்கக் கூடியது. காய்ந்தால் அந்த நெளிவு போய் விறகுச் சுள்ளி போல ஒடியும், அதை வைத்து உயிருள்ள மனிதரைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது என்று விளக்கினார். நேராக நிறுத்திப் பாரம் ஏற்றினால் நம்ப முடியாத அளவு தாங்கும், குறுக்கே வைத்தால் குறைவு, முறுக்கினால் இன்னும் குறைவு. எனக்கு அந்த வேலை பிடிக்கவில்லை. முறிகிற சத்தம் கேட்டதும் பல் கூசும். ஆனாலும் வேறு யாரையும் அந்தக் கற்களைத் தொட விடமாட்டேன். மனிதர் உடம்பு, மரியாதையாக நடக்க வேண்டும் என்று இருந்தது. சோதித்து முடித்த துண்டுகளைத் தோட்டத்து வேப்பமரத்தடியில் புதைத்து, ஒரு ஜெபம் சொல்லிவிட்டுத்தான் கை கழுவுவேன்.

பிரசவத்தில் இறந்துபோன ஒரு பெண்ணின் விலா எலும்பையும் அவள் புருஷன் அனுமதியோடு ஒருமுறை வைத்துப் பார்த்தோம். முறியவே இல்லை. மெல்லத் தொய்ந்தது, கல்லை எடுத்த பிறகும் தொய்ந்தபடியே இருந்தது. இடுப்பெலும்பு உள்பக்கமாக மடங்கி, பிள்ளை வர வழியில்லாமல் இறந்தவள் அவள். டாக்டரம்மா அன்றைக்குச் சாப்பிடவில்லை.

அந்த வருஷம் மாசி மாதத்தில் ஒற்றை மாட்டு வண்டியில் ஒருத்தியைக் கொண்டுவந்து இறக்கினார்கள். தோல் ஷாப்பு மேஸ்திரி ஒருவரின் மருமகள். இரண்டு பெண்ணுக்குப் பிறகு ஒரு பையன், பிறந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. சமையல்கட்டுப் படியில் இறங்கும்போது கால் பிசகித் தொடை முறிந்திருந்தது. கூட வந்த மாமியார், "படியில எறங்கத் தெரியாதவள நான் எங்கயும் பாத்ததில்ல. வாத்து மாதிரி ஆடி ஆடி நடப்பா, கேட்டா இடுப்பு வலின்னுவா" என்றாள். அந்த வாத்து நடையைக் கேட்டதும் டாக்டரம்மா என்னைப் பார்த்தார். எலும்பு மெத்தென்று போனவர்களின் நடை அது.

விசாரித்தோம். மேஸ்திரி கூலியாக ஷாப்பில் நுழைந்து தன் உழைப்பால் மேலே வந்தவர். முதலாளி சாயபு வீட்டுப் பெண்கள் வெளியார் கண்ணில் படாமல் கோஷாவில் இருப்பதைப் பார்த்து, தன் வீட்டுக்கும் அந்த மதிப்பு வேண்டும் என்று மருமகளை வாசலுக்கே விடவில்லை. சாயபு வீட்டில் நடுவே பெரிய முற்றம் உண்டு, வெயில் கொட்டும். மேஸ்திரி வீட்டில் முற்றம் ஏது? இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு, கொல்லையில் தலைக்கு மேல் ஓலைக் கூரை. ஏழு வருஷம் அவள் மேல் வெயில் படவில்லை. பால் பிள்ளைகளுக்கு, முட்டை ஆம்பிளைகளுக்கு. மூன்று பிள்ளைகளைச் சுமந்து பாலும் கொடுத்திருக்கிறாள். எலும்பிலிருந்த சுண்ணாம்புச் சத்தெல்லாம் போய்விட்டிருந்தது.

டாக்டரம்மா மாமியாரை உட்காரவைத்து, நிதானமாக, சுத்தமான தமிழில் சொன்னார்: "உங்கள் மருமகளுக்கு எலும்பு உருகுகிறது."

நான் கையில் வைத்திருந்த பேசினைக் கீழே வைத்தேன். அதற்குள் மாமியாரின் முந்தானை மூக்குக்குப் போய்விட்டது. "இல்லம்மா, அது இல்ல, இது வேற" என்று நான் ஓடினேன். அவள் பின்பக்கமாகவே நடந்து வெளியே போய், வண்டியில் இருந்த கைக்குழந்தையைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். "சின்னப் புள்ளைக்குப் பால் குடுத்துட்டிருந்தாளே, ஐயோ" என்று அழுதுகொண்டே வண்டியை ஓட்டச் சொல்லிவிட்டாள். உள்ளே அவள் மருமகள், வலியிலும் குழந்தையின் அழுகை தூரமாகப் போவதைக் கேட்டுக்கொண்டு கிடந்தாள்.

மறுநாள் ஆள் வந்து சொன்னான்: குணமானாலும் வீட்டுக்கு அனுப்ப வேண்டாம், நாட்றம்பள்ளிப் பக்கம் இருக்கும் தாய்வீட்டுக்குப் போகட்டும், பிள்ளைகளைக் காட்ட முடியாது.

நான் நேரே அந்த வீட்டுக்குப் போனேன். மேஸ்திரி கதவைத் திறந்தார், உள்ளே வா என்று சொல்லவில்லை. அது காச நோய் இல்லை, ஒட்டாது, இருமலே கிடையாது என்று தொண்டை வறளச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நர்ஸம்மா, டாக்டரம்மா அவங்க வாயால சொன்னது அது. நீங்க எங்க மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு மாத்திச் சொல்றீங்க. புரியுது. போய்ட்டு வாங்க" என்றார். கெட்டதைச் சொன்னால் நம்புவார்கள், திருத்திச் சொன்னால் ஆறுதல் என்பார்கள். உள்ளே குழந்தை கத்திக்கொண்டிருந்தது. ஆட்டுப்பாலில் தண்ணீர் கலந்து சங்கில் புகட்டினார்களாம், குடிக்கவில்லையாம்.

விஷயத்தைச் சொன்னதும் டாக்டரம்மாவின் முகம் சிவந்துபோனது. "நான் சரியாகத்தானே சொன்னேன்?" என்று அகராதியை எடுத்தார். பிறகு மூடி வைத்துவிட்டு, கண்ணால் பார்த்தால் நம்புவார்கள் என்றார். மேஸ்திரியையும் அவர் மகனையும் வரவழைத்தார். ஆட்டு விலா எலும்பு ஒன்றைத் திராவகத்தில் ஊறப்போட்டிருந்தார். அதை எடுத்துக் கழுவி, கயிறு மாதிரி வளைத்துக் காட்டினார். "சுண்ணாம்பு போனால் எலும்பு இப்படி ஆகும். காசம் இல்லை, கிருமி இல்லை. சுண்ணாம்பு மட்டும்தான் போயிருக்கிறது." இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது.

மேஸ்திரி அந்த எலும்பை வாங்கி, விரலால் அழுத்தி, வளைத்துப் பார்த்தார். வாழ்நாளெல்லாம் சுண்ணாம்புத் தொட்டியில் தோலைப் போட்டு எடுத்தவர். அவர் முகத்தில் பயம் போய் வருத்தம் வந்தது. "இப்பதான் புரியுதும்மா" என்றார். "சுண்ணாம்பு எடுத்த தோல மறுபடியும் தொட்டியில போட்டா அது தோலா இருக்காது, கூழாப் பூடும். போன சுண்ணாம்பு திரும்ப ஏறாது, அவ்ளோதான். பாவம், நல்ல பொண்ணு." மகனைத் தோளில் தட்டி அழைத்துக்கொண்டு போய்விட்டார். டாக்டரம்மா கையில் வளைந்த எலும்போடு நின்றார். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

இதற்குள் மருமகளின் காலில் கயிறு கட்டி, கட்டில் விளிம்பிலிருந்து கல் தொங்கவிட்டிருந்தோம், முறிந்த எலும்பு ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் நேராக ஒட்டுவதற்கு. சோதனை அறையில் எலும்பை உடைத்த அதே கற்கள்தான். கட்டிலை வெயில் விழும் வராந்தாவுக்கு மாற்றினோம். பாலும் முட்டையும் மீன் எண்ணெயும் கொடுத்தோம். மீன் எண்ணெயை முகம் சுளிக்காமல் குடித்தவள் அவள் ஒருத்திதான். பால் கட்டி மார்பு கல்லாகிக் காய்ச்சல் வந்தது. நான் ஒத்தடம் கொடுத்துப் பிழிந்து கொட்டுவேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

ஒருநாள் கேட்டாள்: "நர்ஸம்மா, எனக்கு இன்னாதான் நோவு?"

நான் எனக்குத் தெரிந்த மாதிரி சொன்னேன். "உன் எலும்பு உருகலம்மா. பழைய எலும்பு தேயத் தேய உடம்பு புதுசு கட்டிக்கிட்டேதான் இருக்கு. அது இறுகறதுக்குச் சுண்ணாம்பு பத்தல. அறுத்து வெச்சு, சூளையில போடாத செங்கல் மாதிரி பச்சையாவே நின்னுடுச்சி. வெயிலும் பாலும் கெடச்சா இறுகிடும்."

"பச்சையா" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். பிறகு டாக்டரம்மா சுற்றுக்கு வந்தபோது, அந்த அறையில் எலும்பு மேல் கல் வைத்துப் பார்ப்பது நிஜமா என்று கேட்டாள். நிஜம் என்றார். "அப்ப என் எலும்பு எவ்ளோ தாங்கும்?"

"அதை அளக்க முடியாது" என்றார் டாக்டரம்மா. "உடைத்தால்தான் தெரியும். உடைத்துத் தெரிந்துகொண்டு என்ன பயன்?" அவருடைய ஆராய்ச்சியின் பெரிய குறையே அதுதான் என்று பிறகு என்னிடம் சொன்னார். உயிரோடு இருப்பவரின் எலும்பு எதைத் தாங்கும் என்பதை, செத்ததிலிருந்தும் வெட்டியதிலிருந்தும்தான் ஊகிக்க வேண்டியிருக்கிறது.

பங்குனிக் கடைசியில் மாமியார் வந்தாள். மருமகளின் காதிலிருந்த கம்மலை மூத்த பேத்திக்கு வாங்கிப் போக வந்திருந்தாள். வராந்தாவுக்குக் கீழே, முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு நின்றாள். எனக்கு வந்த கோபத்துக்கு அவளை அப்படியே ஆற்றில் தள்ளியிருப்பேன். மருமகள் கம்மலைக் கழற்றிக்கொண்டே, மெதுவாக, "அத்தே, எனக்கு எலும்புருக்கி இல்லத்தே" என்றாள். "பச்ச ஒடம்பு இன்னும் ஆறல, அதான். எலும்பு வரைக்கும் பச்சையா நின்னு போச்சாம்."

மாமியாரின் கை மூக்கிலிருந்து இறங்கிவிட்டது.

பச்சை உடம்பு என்றால் எங்கள் பக்கத்தில் பிள்ளை பெற்றவள். அவளைக் கண்டு யாரும் பயப்படுவதில்லை. பொத்திப் பொத்திப் பாதுகாப்பார்கள். அவளுக்கு ஒரு குறை வந்தால் அது பார்த்துக்கொண்டவர்களின் குறை. "ஐயோ, தீட்டுக் கழிஞ்சதும் ஆட்டாங்கல்லுல உக்கார வெச்சிட்டேனே" என்று அந்த அம்மாள் படியிலேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். டாக்டரம்மாவின் திராவகமும் என் தொண்டைத் தண்ணீரும் செய்யாததை ஒரு வார்த்தை செய்துவிட்டது. மருமகளைப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். கம்மல் கையிலேயே இருந்தது.

எலும்பு ஒட்டியதும் வண்டியில் மெத்தை போட்டு, திருஷ்டி கழித்து அழைத்துப் போனார்கள். தினமும் வெயிலில் இருக்க வேண்டும் என்று நானும் டாக்டரம்மாவும் மாற்றி மாற்றிச் சொன்னோம். மாமியார் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

கொஞ்ச நாள் கழித்துப் போய்ப் பார்த்தேன். பச்சை உடம்புக்குக் காற்று ஆகாது அல்லவா? அவள் இருந்த அறையின் ஜன்னலைச் சாக்கால் அடைத்திருந்தார்கள். கதவு சாத்தி, உள்ளே கணப்புச் சட்டி. அந்த இருட்டில் அவள் பையனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "என் கண்ணு மாதிரி பாத்துக்கறேன் நர்ஸம்மா, ஒரு பொட்டுக் காத்து உள்ள வராது" என்றாள் மாமியார். நான் வாயைத் திறந்தேன். மருமகள் வேண்டாம் என்று தலையசைத்தாள். மாமியார் மோர் எடுக்கப் போனதும், "சண்ட போடாதீங்க. மறுபடியும் புள்ளைய வாங்கிக்கினு அனுப்பிடுவாங்க. எனக்கு வெயில் வாணாம், இவன் போதும்" என்றாள்.

அந்த இருட்டு அவளை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். பையனைத் தூக்கிப் பார்த்தேன். தலையின் உச்சிப்பள்ளம் அகலமாக, எலும்பு அவனுக்கும் மெத்தென்று இருந்தது. மோரோடு வந்த மாமியாரிடம், "பேரனுக்குக் கால் வளையப் போகுது. காலையில எண்ணெய் தடவி வெயில் காட்டணும். பெத்தவ கால நீட்டி, அது மேல படுக்க வெச்சித்தான் காட்டணும், அந்தச் சூடு சேரணும்" என்றேன். முதல் பாதி நிஜம், மற்றதை அங்கேயே சேர்த்தேன். கர்த்தர் மன்னிப்பார். சாயங்காலத்துக்குள் மேஸ்திரி கொல்லைக் கூரையின் ஒரு பக்கத்து ஓலையைப் பிரித்துவிட்டார். மருமகளுக்காக ஏழு வருஷம் பிரியாத ஓலை.

அவள் தினமும் காலை நீட்டி அந்த வெயிலில் உட்கார்ந்தாள். பேரனுக்கென்று வாங்கிய மீன் எண்ணெயில் பாதியை அவள் குடித்தாள். அடுத்த மாசிக்குள் பையன் தத்தித் தத்தி நடந்தான். வெயில் காட்டி வளர்த்த பேரன் என்று மாமியார் கோயிலில், கிணற்றடியில், எல்லா இடத்திலும் சொன்னாள். மருமகள் ஆடாமல் நடப்பதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஒருநாள் அவள் வண்டியிலிருந்து தானே இறங்கி, முறிந்த பக்கத்து இடுப்பில் பையனை வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குள் வந்தாள். நேரே தராசுக்குப் போய் அவனை உட்கார வைத்தாள். இருபது ராத்தலுக்குக் கொஞ்சம் மேல் காட்டியது. "டாக்டரம்மா, எழுதிக்கோங்க" என்றாள். "இவ்ளோ தாங்குது. ஒடைக்காமலே பாத்தாச்சு."

டாக்டரம்மா அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அவர் நோயாளியைக் கட்டிப்பிடித்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். பிறகு படுக்க வைத்துச் சோதித்தார். அப்போதுதான் தெரிந்தது, அவள் மறுபடியும் கர்ப்பம். எலும்பு நன்றாக இறுகிவிட்டது; ஆனால் இடுப்பெலும்பு எப்போதோ உள்பக்கம் மடங்கி, மடங்கிய வாக்கிலேயே இறுகிவிட்டது. இனி அது நிமிராது. பிரசவம் வீட்டில் கூடவே கூடாது, மாதம் நெருங்கியதும் வேலூருக்குப் போய் வயிற்றைத் திறந்துதான் எடுக்க வேண்டும் என்றார். வயிற்றைத் திறப்பதா? எங்கள் பக்கத்தில் அதைக் கேட்டவர்கள் ஆஸ்பத்திரி வாசலையே மிதிக்க மாட்டார்கள்.

அவள் பையனை இடுப்பில் ஏற்றிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். "அதுக்கும் ஒரு நல்ல வார்த்தையா தேடி வைங்க நர்ஸம்மா. நான் எங்க அத்த கிட்ட சொல்லிக்கறேன்."

தேடினேன், கிடைக்கவில்லை. மேஸ்திரியிடம் நானே போய்ச் சொன்னேன், டாக்டரம்மாவும் இரண்டு முறை போனார். "ஆவட்டும், பாக்கலாம்" என்றார்கள். எங்கள் முகத்துக்காகச் சொன்னது அது.

பிரசவம் வீட்டிலேயே நடந்தது. வண்டி எங்களைத் தேடி வந்தபோது எல்லாம் கை மீறிப் போயிருந்தது. நாங்கள் போய்ச் சேர்வதற்குள் பிள்ளையும் இல்லை, அவளும் இல்லை. சாக்கால் அடைத்த ஜன்னலுக்குக் கீழே மாமியார் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "பச்ச ஒடம்பு, பச்ச ஒடம்பு, காத்து படாம மூடுங்களேன்" என்று எங்களைக் கெஞ்சினாள். அந்த அம்மாளைத் திட்டத்தான் வாயெடுத்தேன். போர்வையை இழுத்து மூடிவிட்டு வெளியே வந்தேன்.

திரும்பும் வழியில், பாலாற்றுப் பாலத்தை நெருங்கும்போது, எலும்பு பழையபடி மெத்தென்று இருந்திருந்தால் கொஞ்சம் வளைந்து, பையனுக்கு விட்டது போல இந்தப் பிள்ளைக்கும் வழிவிட்டிருக்கலாம் என்றார் டாக்டரம்மா. அது எங்கேயும் விட்டுக்கொடுக்கவில்லை. அவ்வளவு பலமாக இருந்தது.